முடிச்சு நிற்காத மணிக்கட்டு

பனையடிக்குறிச்சியில் சித்திரை மாதக் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய அன்று, பீடி சுற்றிப் பிழைக்கும் பிரமுவின் மணிக்கட்டில் பூசாரி மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டிய மஞ்சள் கயிறு, அவள் வீடு போய்ச் சேர்வதற்குள் அவிழ்ந்து விழுந்தது. அவள் குனிந்து எடுத்துக்கொண்டு திரும்பக் கோயிலுக்குப் போனாள். "கைய வீசிக்கிட்டே போனியாக்கும்" என்று கடிந்துகொண்டு பூசாரி இந்த முறை ஐந்து முடிச்சுப் போட்டார். அவர் கையை எடுத்ததும், வேலை முடிந்த ஆள் எழுந்து போவது மாதிரி, கயிறு முடிச்சு முடிச்சாகத் தன்னைத் தானே பிரித்துக்கொண்டு மண்ணில் விழுந்தது. வரிசையில் முன்னால் நின்றவர்கள் எல்லாரும் அதைப் பார்த்தார்கள். பின்னால் நின்றவர்கள், "அங்க என்ன, கயிறு திரிக்கியளா?" என்று சத்தம் போட்டார்கள்.

மற்ற ஊர்களில் காப்பு என்பது ஒரு விரதம், பத்து நாள் கறி தின்னாமல் இருப்பதற்கான அடையாளம், அவ்வளவுதான். பனையடிக்குறிச்சியில் அது உயிர். இந்த ஊரைக் காப்பவர்கள் ஒன்பது பேர். அவர்களுக்குத் தனிப் பெயர் கிடையாது, முதலாமவன், இரண்டாமவன் என்றுதான் சொல்வார்கள். கொடையன்று உச்சி வெயிலில் ஒன்பது ஆண்கள் மேல் அவர்கள் இறங்கித் தெருத்தெருவாக வருவார்கள். அவர்களுக்கு முகம் தெரியாது, பெயர் தெரியாது, இன்னார் மகன் இன்னார் மகள் என்பது தெரியாது. தெரிந்ததெல்லாம் மணிக்கட்டு ஒன்றுதான். முதலாமவன் பார்ப்பான், பார்த்ததும் இரண்டாமவனைக் கூப்பிடுவான், இரண்டாமவன் மூன்றாமவனைக் கூப்பிடுவான், மூன்றாமவன் கை நிறையச் சாம்பலை அள்ளி வேண்டியவர் வேண்டாதவர் பார்க்காமல் எல்லார் மேலும் எறிவான். காப்புக் கட்டியவர் மேல் பட்ட சாம்பல் உதிர்ந்துவிடும், கட்டாதவர் மேல் பட்டது ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய சாம்பலைக் கண்டு நாலாமவன் ஐந்தாமவனை இழுத்து வருவான். ஐந்தாமவன் வாயைத் திறந்து ஒரு சத்தம் கொடுப்பான். அந்தச் சத்தத்துக்குத்தான் மிச்சம் நாலு பேரும் ஓடி வந்து, ஆளைச் சுற்றி வட்டம் கட்டி நின்று, கையிலிருக்கிற வேல்கம்பை ஊன்றுவார்கள். எந்தக் காலத்திலோ விவரம் தெரியாத பாத்திர வியாபாரி ஒருவன் அப்படிச் சிக்கிக்கொண்டானாம். அவன் உடம்பில் வெட்டில்லை, குத்தில்லை; கண்ணுக்குத் தெரியாத ஒரு துளை விழுந்து, அது வழியாக வெளியே இருந்த ஈரமெல்லாம் உள்ளே போய், ஆள் உப்பி, வெடித்து, தெருவில் சிவப்புத் தண்ணீராக ஓடினானாம். அதற்குப் பிறகு காப்பில்லாமல் யாரும் அந்த மதியத்தில் ஊருக்குள் இருந்ததில்லை. சாவுத் தீட்டுள்ளவர்கள்கூட முன்கூட்டியே வாய்க்காலைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

ஆகவே பிரமுவுக்குக் காப்புக் கட்டும் வேலையை ஊரே எடுத்துக்கொண்டது. மாடு கட்டுகிறவர் மாட்டு முடிச்சுப் போட்டார். கிணறு வெட்டப் போகிறவர் தன் உயிரை நம்பி ஒப்படைத்துத் தொங்குகிற முடிச்சைப் போட்டார். பள்ளிக்கூட வாத்தியார் கைப்பேசியில் பார்த்துக் கப்பல்காரர்கள் முடிச்சு ஒன்றைப் போட்டுவிட்டு, அது அவிழ்ந்ததும் கைப்பேசியைக் கோபமாகப் பார்த்தார். நைலான், தேங்காய் நார், செப்புக் கம்பி, எல்லாம் ஒன்றுபோல் விழுந்தன. பிரமு ஒவ்வொருவருக்கும் கையை நீட்டி, விழுந்ததை எடுத்து அவரவரிடம் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தாள். இதில் வேடிக்கை, அவள் போடுகிற முடிச்சு மட்டும் நின்றது. காலையிலிருந்து பொழுதடையும் வரை இலையும் தூளும் பரப்பிய சுளகை மடியில் வைத்து இலையைச் சுருட்டி, நூலைச் சுற்றி, அவள் கட்டிப் போடுகிற பீடிகளில் ஒன்றுகூட அவிழ்ந்ததில்லை. ஊருக்கெல்லாம் முடிச்சுப் போடுகிறவள் மேல் ஒரு முடிச்சு நிற்கவில்லை.

"ஒண்ணும் மனசுல வச்சுக்கிடாதம்மா" என்றார் கொடைக் கமிட்டித் தலைவர் மந்திரமூர்த்தி. "உச்சிப்பொழுது தாண்டுத வரைக்கும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பஸ் நிறுத்தத்துல இரி. முடிஞ்சதும் ஆள் விட்டுக் கூப்பிடுதோம்."

எல்லாரும் அன்பாகத்தான் இருந்தார்கள். புளியோதரைப் பொட்டலம் ஒன்று கட்டிக் கொடுத்தார்கள், தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். அவள் பஸ் நிறுத்தத்துச் சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்து வாய்க்காலுக்கு அப்பால் மேளம் ஏறுவதையும் இறங்குவதையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து அந்த மேளத்தை உள்ளே இருந்து கேட்டவள். வெளியே இருந்து கேட்டால் அது வேறு ஊர் மேளம் மாதிரி இருந்தது. மேளம் நின்றது. வெயில் தாழ்ந்தது. பஸ்கள் வந்து நின்று, அவள் ஏறுவாளா என்று பார்த்துவிட்டுப் போயின. கூப்பிட யாரும் வரவில்லை. வேண்டுமென்று செய்ததில்லை, மறந்துவிட்டார்கள். பந்தி பரிமாறுகிற அவசரம். விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவளே எழுந்து, சேலையைத் தட்டிக்கொண்டு, வாய்க்காலைத் தாண்டி வந்தாள். "வந்துட்டியா" என்றார்கள். அந்த ஒரு சொல் அவளுக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது.

அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம். அப்பா அம்மா இல்லாத வீட்டில் அண்ணன் தளவாய்தான் அலைந்து திரிந்து மாப்பிள்ளை பார்த்திருந்தார். காப்பு விவரத்தை அவர் மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லவில்லை. சாமிக் கயிறு வேறு, தாலிக் கயிறு வேறு என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டிருந்தார். கெட்டிமேளம் கொட்ட, மாப்பிள்ளை மூன்று முடிச்சும் போட்டான். அட்சதை அவள் தலையில் விழுவதற்கு முன் தாலி மடியில் விழுந்தது. மறுபடி கட்டினான். மறுபடி விழுந்தது. மேளக்காரர்கள் எத்தனை தரம்தான் கொட்டுவார்கள்? மாப்பிள்ளை வீட்டார் கௌரவமானவர்கள். சத்தம் போடவில்லை, சண்டை பிடிக்கவில்லை, உட்கார்ந்து பாயசம் வரைக்கும் சாப்பிட்டு, கை கழுவி, வேனில் ஏறிப் போனார்கள். தளவாய் மண்டப வாசலில் நின்று எல்லாருக்கும் கும்பிடு போட்டார். வேன் கண்ணுக்கு மறைந்ததும் அந்தக் கை தாழ்ந்தது. அன்றிலிருந்து அவர் தங்கையோடு பேசவில்லை. கோபம் இல்லை, வெட்கம். வெட்கம் கோபத்தைவிட நாள்பட்டது. அவர் பெண்டாட்டி பிள்ளைகளோடு அடுத்த தெருவில் இருந்தார், பிரமு பழைய வீட்டில் தனியாக இருந்தாள்.

ஊர் எதற்கும் பழகிக்கொள்ளும். கொஞ்ச நாளில் பிரமுவின் மணிக்கட்டு ஒரு பொது வசதி ஆகிவிட்டது, அடிபம்பு மாதிரி. அவிழாத முடிச்சை அவள் மணிக்கட்டில் வைத்தால் அவிழ்ந்துவிடும் என்று யாரோ கண்டுபிடித்தார்கள். சாக்குத் தைத்த நூல் சிக்கியவர்கள், கிணற்றுக் கயிறு இறுகியவர்கள், மூட்டை பிரிக்க முடியாதவர்கள் வந்தார்கள். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு வலி கண்டால் அவளைக் கூட்டிப் போய்த் தலைமாட்டில் நிறுத்தினார்கள். வேலை முடிந்ததும் காப்பி கொடுத்து அனுப்பினார்கள். ஆனால் பெண்ணுக்கு நிச்சயம் வைத்த வீட்டுக்காரர்கள் அவளைக் கண்டால் எதிர்ப் பக்கமாக நடந்தார்கள். அவள் பாவாடை நாடாவுக்குப் பதில் எலாஸ்டிக் தைத்துக்கொண்டாள். கூந்தல் கொண்டையாக நிற்காததால் கிளிப் போட்டுக்கொண்டாள். இதெல்லாம் பெரிய விஷயமில்லை. தொட்டவர்கள் எல்லாரும் எதையாவது அவிழ்க்கத் தொட்டார்கள் என்பதுதான் பெரிய விஷயம்.

ஐப்பசி மழைக்குள் அவள் வெளுத்துப்போனாள். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. காலையில் எழுந்து போகிற சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. அண்ணன் பெண்டாட்டி சங்கரவடிவு மதினிதான், புருஷனுக்குத் தெரிந்தும் தெரியாமலும், அவளைத் திருநெல்வேலிக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள்.

ரத்தம் எடுக்க நர்ஸ் அவள் கையில் ரப்பர் குழாயைக் கட்டினாள். அவிழ்ந்தது. திரும்பக் கட்டினாள், அவிழ்ந்தது. நர்சுக்கு நூறு பேர் வரிசையில் நின்றார்கள், ஆச்சரியப்பட நேரமில்லை. "யம்மா, நீங்க இந்த இடத்தக் கையால இறுக்கிப் பிடிங்க" என்று மதினியிடம் சொன்னாள். மதினி பிடித்தாள். நரம்பு எழுந்தது. கட்டு நிற்காத இடத்தில் கை நின்றதைப் பிரமு பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசி எடுத்ததும் மதினி கையை எடுத்துவிட்டாள்.

டாக்டரம்மா பொறுமைசாலி. மேசையில் கிடந்த தாளில் ஒரு வட்டம் போட்டாள். "இது உங்க ரத்தத்துல இருக்குற சிவப்பணு. ரத்தத்துல காம்ப்ளிமென்ட்னு சில புரதங்கள் சுத்திக்கிட்டே இருக்கும். காவல்காரங்க மாதிரி. கிருமி வந்தா ஒண்ணு இன்னொண்ண எழுப்பி, கடைசியில எல்லாம் வளையமா சேந்து கிருமியோட தோல்ல ஓட்டை போட்டுரும். தண்ணி உள்ள போயி அது வெடிச்சிரும். ஆனா அதுங்களுக்கு இது நம்ம ஆளு, இது வெளியாளுன்னு பகுத்துப் பாக்கத் தெரியாது. சும்மா எல்லார் மேலயும் வந்து ஒட்டும். நம்ம அணுக்கள் மேல ஒரு பாதுகாப்பு இருக்கு, அத வச்சுத்தான் தப்பிக்குது."

"காப்பா டாக்டர்?" என்றாள் பிரமு.

டாக்டரம்மா யோசித்தாள். "அப்படியே வச்சுக்கலாம். உங்க உடம்பு காப்பு செய்யுது. அத அணு மேல கட்டி வைக்கிற கயிறுதான் இல்ல. அதனால உங்க காவலே உங்க ரத்தத்த உடைக்குது."

மதினி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். பிரமுவுக்கு அழுகை வரவில்லை. நிம்மதி மாதிரி ஒன்றுதான் வந்தது. ஆறு மாதமாக ஊர் முழுக்கக் காரணம் தேடிய விஷயத்தை, முன்பின் தெரியாத ஒருத்தி வட்டம் போட்டுச் சொல்லிவிட்டாள்.

"நிறுத்த முடியாதா?"

"ரத்தம் ஏத்திக்கிட்டே வரலாம். மருந்து ஒண்ணு இருக்கு, ஐந்தாவது புரதத்தோட வாயை அடைக்கும். அது கூப்பிடலைன்னா மத்ததெல்லாம் வந்து சேராது. ஆனா அந்த மருந்து நமக்கு லேசுல கிடைக்காது. கேட்டு எழுதியிருக்கோம், பாப்போம்."

மருந்து வரவில்லை. சித்திரை வந்தது. ஊரெல்லாம் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டது. மந்திரமூர்த்தி புளியோதரைக்குச் சொல்லி வைத்துவிட்டு வந்து, "இந்த வருசம் மறக்காம ஆள் விடுதோம்மா" என்றார்.

"நான் போகல பெரியப்பா" என்றாள் பிரமு.

அவர் சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு நேராகத் தளவாய் வீட்டுக்குப் போனார்.

ஏனென்றால் ஐந்தாமவன் இறங்குவது தளவாய் மேல்தான். அப்பாவுக்குப் பிறகு அவருக்கு வந்தது. வருஷம் முழுக்க மில்லில் மூட்டை தூக்குகிற, நாலு பேர் நடுவில் வாய் திறக்காத மனுஷன், கொடையன்று மட்டும் ஐந்தாமவனாகத் தெருவில் நடந்தால் கலெக்டரே ஆனாலும் ஒதுங்கித்தான் நிற்க வேண்டும். அவருக்கு இருந்த மரியாதை அது ஒன்றுதான்.

அன்று சாயங்காலம், ஒரு வருஷத்துக்குப் பிறகு, அவர் பழைய வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"என்னட்டி நெனச்சுக்கிட்டு இருக்க?"

"நடக்க முடியல அண்ணே."

"ஆட்டோ பிடிச்சுத் தாரேன்."

"நடக்க முடிஞ்சாலும் போமாட்டேன்." அவள் பீடி சுற்றுவதை நிறுத்தவில்லை. "போன வருசம் அங்கன உக்காந்து மேளம் கேட்டேன். யாருக்கும் என் நெனப்பு வரல. செத்தா இப்படித்தான் இருக்கும்போலன்னு தோணிச்சு. இன்னொரு தடவ அங்கன உக்காந்து செத்துப் பாக்க என்னால முடியாது."

"வந்தா நான் நானா வரமாட்டேன் பிரமு. எனக்கு ஒன்னத் தெரியாது. நாலாமவன் இழுத்தாம்னா அம்புட்டுத்தான், சத்தம் தானா வந்துரும். அத நிறுத்த நான் யாரு?"

"அஞ்சாமவன் வாயத் திறக்கலைன்னா மத்தவுக வரமாட்டாகளாம். டாக்டரம்மா சொன்னாக."

"அது ரத்தத்துல."

"நாம ரெண்டு பேரும் என்னதாம் அண்ணே?" என்றாள் அவள்.

அவர் திரும்பி நடந்தார். அவர் போன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது, வந்ததும் நிற்கவில்லை.

கொடையன்று உச்சிப்பொழுதில் எல்லா வாசலிலும் ஆட்கள் காப்புக் கட்டிய கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள், பிரமு நிலைப்படியில் சுளகோடு உட்கார்ந்திருந்தாள். மேளம் தெரு திரும்பியது. முதலாமவன் வந்தான், மற்ற நாளில் அவன் டீக்கடைக் காசி, அவளுக்குச் சர்க்கரை தூக்கலாகப் போட்டுக் கொடுக்கிறவன். இன்று அவள் முகத்தைத் தாண்டி மணிக்கட்டைப் பார்த்தான், பார்த்ததும் இரண்டாமவனைக் கூப்பிட்டான். இரண்டாமவன் கூப்பிட மூன்றாமவன் வந்தான், சாம்பலை எறிந்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் மேல் பட்டது உதிர்ந்தது, அவள் மேல் பட்டது சுண்ணாம்பு பூசினதுபோல் ஒட்டிக்கொண்டது. நாலாமவன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஐந்தாமவனை இழுத்து வந்து அவள் முன்னால் நிறுத்தினான்.

அது அண்ணன் இல்லை. அந்தக் கண்ணில் அவள் இல்லை. சாவதற்குப் பயமில்லை என்று அவள் நினைத்திருந்தது சுத்தப் பொய் என்று அப்போது தெரிந்தது. அவள் சுளகைத் தள்ளிவிட்டு நிலைப்படியில் பின்னுக்கு நகர்ந்தாள். ஐந்தாமவனின் வாய் திறந்தது. தெருமுனையில் மற்ற நாலு பேரும் வேல்கம்பைத் தோளில் ஏற்றினார்கள்.

பிரமு கையை நீட்டினாள். ஆஸ்பத்திரியில் நீட்டியது மாதிரி, உள்ளங்கை மேலே பார்க்க நீட்டி, "பிடி அண்ணே" என்றாள்.

ஐந்தாமவன் அந்தக் கையைப் பார்த்தான். எவ்வளவு நேரம் பார்த்தான் என்பதில் ஊருக்குள் இன்றும் சண்டை உண்டு. பிறகு காப்புக் கட்டிய ஒரு கை வந்து, வெற்று மணிக்கட்டை முழுசாக வளைத்து இறுக்கியது, திறந்த வாய் மூடிக்கொண்டது. உள்ளே இருந்து சத்தம் முட்டியது. கழுத்து நரம்பு புடைத்தது, கண் பிதுங்கியது, பல் உதட்டைக் கடித்து ரத்தம் தாடியில் வழிந்தது, வாய் திறக்கவில்லை. நாலு பேரும் தெருமுனையிலேயே நின்றார்கள், யாரும் கைகாட்டாத பஸ்கள் மாதிரி, எதற்கு வந்தோம் என்று தெரியாமல். மேளக்காரர்கள் கை ஓயும்வரை அடித்தார்கள். ஓட்டு நிழல் வாசலில் இறங்கியது. உச்சிப்பொழுது தாண்டியது.

"தண்ணி குடுட்டி" என்றார் தளவாய். கையை எடுக்காமலே கேட்டார்.

ஊர் இதற்கும் பழகிக்கொண்டது. யாரும் அவரைத் திட்டவில்லை. சாமி வாயை அடைத்தவன் மேல் சாமி திரும்ப வராது என்று கமிட்டி கூடி முடிவு செய்து, தண்ணீர் தொட்டி ஆபரேட்டரை ஐந்தாமவனாக வைத்தது. அவனுக்கு நல்ல தொண்டை. காவல் பாதியில் நின்றதால்தான் அந்த வருஷம் வெளியூர்க் காய்ச்சல் உள்ளே வந்தது என்று சிலர் சொன்னார்கள், இருக்கலாம். தளவாய் மூட்டை தூக்கினார், தெருவில் ஒதுங்கி நடந்தார். மாதம் ஒரு தடவை தங்கையைப் பஸ்ஸில் கூட்டிப்போய் ரத்தம் ஏற்றிக் கூட்டி வந்தார். ஊசி போடும்போது கையைப் பிடித்துக்கொள்ள மதினியை விடவில்லை.

மறு வருஷக் கொடைக்குப் பிரமு யாரும் சொல்லாமலே வாய்க்காலைத் தாண்டினாள். புது ஐந்தாமவனுக்குத் தங்கைகள் நாலு பேர் உண்டு, அவள் அதில் ஒருத்தி இல்லை. பொட்டலத்தைப் பெஞ்சில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். மேளம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், வெயிலில் ஒருவர் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு வாய்க்கால் பாலத்தில் வருவது தெரிந்தது. கையில் அவருக்கும் ஒரு பொட்டலம்.

"நீ ஏன் அண்ணே வந்த? காப்பு எங்க?"

தளவாய் பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தார். வெறும் மணிக்கட்டைக் காட்டினார். "அன்னைக்கு ஒன் கையப் பிடிச்சம்லா, அதுல இருந்து எனக்கும் முடிச்சு நிக்க மாட்டேங்கு. பூசாரி கட்டக் கட்ட விழுது. போய்யா வெளியன்னுட்டாக."

பிரமு அவரைப் பார்த்தாள். தலைப்பாகை பின்மண்டையில் அவிழாத முடிச்சோடு இறுகியிருந்தது. மடியில் பொட்டலத்தை வைத்து அவர் அதன் நூலை நகத்தால் பிராண்டினார், பல்லால் இழுத்தார், அது அசையவில்லை. அவள் கையை நீட்டினாள். அவர் பொட்டலத்தை அவள் மணிக்கட்டில் வைத்தார். முடிச்சு அவிழ்ந்தது.

வாய்க்காலுக்கு அப்பால் மேளம் ஏறியது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சாப்பிட்டார்கள்.

"முடிஞ்சதும் ஆள் விடுவாகளா?" என்றாள் அவள்.

"மறந்துருவானுவோ" என்றார் தளவாய். "சாப்பிடு. நாம போயிக்கிடுவோம்."